ஓவனில் சிப்ஸ் மொறுமொறுவென்று வர என்ன வழி? ரப்பர் சீட் மாதிரி வருகிறது, உதவுங்கள்

அடுக்களைப்பூனை (தக்கலை)
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம் மக்களே. கேக் செய்வதற்கென்று போன கிறிஸ்துமஸுக்கு ஒரு ஓடிஜி (மேசை மேல் வைக்கும் சின்ன கரண்ட் ஓவன்) வாங்கினோம். நாலு கேக் செய்ததோடு சரி, இப்போது அதன் மேல் துண்டு மடித்து வைக்கிறோம். போன மாதம் மாமாவுக்கு ரத்தம் சோதித்ததில் கொழுப்பு கூடுதல் என்று வந்தது. எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். மாமாவுக்கோ நாலு மணிச் சாயாவுடன் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் இல்லாவிட்டால் அது சாயாவே இல்லை. நாற்பது வருடப் பழக்கம்.

சரி, எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் காய்கறி சிப்ஸ் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். வீடியோவில் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. பீட்ரூட், கேரட், உருளைக்கிழங்கு மூன்றையும் வட்டவட்டமாக நறுக்கி, கொஞ்சம் எண்ணெய் தடவி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, ஒரே தட்டில் பரப்பி 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் கரி, நடுவெல்லாம் தோல். மாமா ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். அப்புறம் கேட்டார்: "மக்களே, இது பீட்ரூட்டா, சைக்கிள் டியூபா?"

கோபம் வந்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் விடுவதாக இல்லை. இங்கே யாராவது ஓவனில் செய்து நன்றாக வந்திருந்தால் எங்கே தப்பு என்று சொல்லுங்கள். நறுக்கியது கத்தியால்தான், சீவுகட்டை இல்லை.

வடசேரிக்காரன்
ஞாயிறு, இரவு 9.48

தங்கச்சி, தப்பு எங்கே என்றால் எண்ணெய் ஊற்றாததுதான் தப்பு. கோபிக்கக் கூடாது. எங்க அப்பா இருபத்தெட்டு வருடம் சிப்ஸ் கடை வைத்திருந்தார், நான் வார்ப்பு என்கிற பெரிய எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே வளர்ந்தவன். ஏத்தங்காயைத் தொலி உரித்து மஞ்சள் வெள்ளத்தில், அதாவது மஞ்சள் கரைத்த தண்ணீரில், போட்டு வைத்திருப்போம். தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் சீவுகட்டையை வார்ப்புக்கு நேர் மேலே பிடித்து, காயை எண்ணெய்க்குள்ளேயே நேராகச் சீவுவார் அப்பா. கட்டையிலிருந்து விழும் துண்டு ஒன்றோடொன்று ஒட்டுவதற்குள் எண்ணெய் அதைப் பிடித்துக்கொள்ளும். முக்கால் பதம் வந்ததும் உப்பு கரைத்த வெள்ளம் ஒரு கரண்டி எண்ணெய்க்குள்ளேயே ஊற்றுவோம். தெரியாதவன் பார்த்தால் ஓடிவிடுவான், அப்படி ஒரு இரைச்சல் வரும். அந்த இரைச்சல் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் காய்ந்த சருகு உரசுவது போல ஒரு சலசலப்பு மட்டும் மிஞ்சும். அப்போது கோரிவிட வேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டே பதம் சொல்வார், காதுதான் அவருக்குத் தெர்மாமீட்டர்.

இந்தச் சத்தம் உங்க ஓவனில் கேட்குமா? கேட்காது. அதனால் அதைச் சிப்ஸ் என்று சொல்லாதீங்க, வேறு பேர் வையுங்க. மாமாவுக்கு வாரத்துக்கு ஒரு நாள் நாலே நாலு துண்டு நல்ல சிப்ஸ் கொடுப்பதே மேல் என்பது என் கட்சி.

வேதியியல் டீச்சர் (மார்த்தாண்டம்)
திங்கள், காலை 6.25

வடசேரித் தம்பி சண்டைக்கு வந்தாலும் விடையைத் தானே கொண்டுவந்து போட்டுவிட்டார். அந்த இரைச்சல் எதனால்? காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வரும் சத்தம் அது. சத்தம் அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். தண்ணீர் இருக்கும் வரை துண்டு தொய்ந்துதான் கிடக்கும். எண்ணெயில் பொரித்தாலும் ஓவனில் வைத்தாலும் மொறுமொறுப்பு என்பது தண்ணீர் போவதுதான். எண்ணெய் அந்த வேலையை இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடும், ஏனென்றால் துண்டை நாலு பக்கமும் தொட்டுக்கொண்டு சூட்டைக் கொடுக்கிறது. காற்றுக்கு அந்தத் திறமை கிடையாது. ஓவனுக்குள் 180 டிகிரி காற்றில் கையை ஒரு நொடி நீட்டி எடுக்கலாம், 180 டிகிரி எண்ணெயில் முடியுமா?

நீங்கள் செய்த கோளாறு என்னவென்றால் பூனை, தண்ணீர் போவதற்கு முன்பே காயைக் கருக்கிவிட்டீர்கள். கேரட்டிலும் பீட்ரூட்டிலும் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர். உருளைக்கிழங்கில் 80. அதோடு முதல் இரண்டிலும் சர்க்கரை கூடுதல். 200 டிகிரியில் ஓரத்துச் சர்க்கரை கருகிவிடும், நடுவில் தண்ணீர் அப்படியே இருக்கும். பீட்ரூட்டையும் கேரட்டையும் 130, 140க்கு மேல் ஏற்றாதீர்கள். நேரம் ஒரு மணி வரை ஆகும், பொறுமை வேண்டும். உருளைக்கு 165 வரை போகலாம். மூன்றையும் ஒரே தட்டில் போட்டால் ஒன்று வேகும்போது இன்னொன்று எரியும். தனித்தனித் தட்டுதான் வழி.

அடுத்தது கனம். கத்தியால் நறுக்கினால் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும், மெலிந்த பக்கம் எரிந்த பிறகும் தடித்த பக்கம் ஈரமாகவே கிடக்கும். ஒரு சீவுகட்டை வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் கனம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர், எனக்குச் சரியாக வருகிறது. விரலைப் பார்த்துச் சீவுங்கள். என் இடது பெருவிரல் நுனி எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தது.

சீவியதும் அரைக் கரண்டி உப்பைப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், தட்டில் குளம் கட்டி நிற்கும். அதை வடித்து, துண்டுகளை ஒரு பழைய பருத்தித் துணிக்கு நடுவில் வைத்து அழுத்தித் துடையுங்கள். எண்ணெய் அதற்கு அப்புறம்தான். ஈரத்தின் மேல் எண்ணெய் தடவினால் ஒட்டாது. உருளைக்கு மட்டும் உப்பு வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, மாவு கழுவிப் போனதும் துடைத்து எடுங்கள்.

குலசேகரம் ரப்பர்
திங்கள், காலை 7.40

தலைப்பில் ரப்பர் சீட் என்று பார்த்ததும் நம்ம விஷயம் என்று உள்ளே வந்துவிட்டேன். வந்தாச்சு, ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

ரப்பர் பாலை உறைய வைத்து ரோலரில் விட்டு எடுத்த சீட் முதலில் வெள்ளை வெளேரென்று இருக்கும். புகைப்புரையில் தொங்கவிட்டு நாலு நாள் பையப் பைய உலர்த்தினால்தான் தேன் நிறத்தில் தெளியும். முதல் நாள் புரையின் காற்றுத் துவாரத்தைத் திறந்து வைப்போம். இல்லாவிட்டால் சீட்டிலிருந்து வரும் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். அவசரப்பட்டு விறகைக் கூட்டினால் சீட்டில் கொப்புளம் போடும், நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும், விலை போய்விடும்.

உங்க ஓவனும் சின்னப் புகைப்புரைதான் அக்கா. கதவை இறுக்கி மூடி வைத்தால் காயின் ஆவி காயின் மேலேயே விழும். ஒரு துவாரம் வேண்டாமா?

வேதியியல் டீச்சர் (மார்த்தாண்டம்)
திங்கள், காலை 8.02

அருமை தம்பி, நான் எழுத மறந்ததை எழுதிவிட்டீர்கள். கடைசிப் பத்து நிமிடம் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அப்புறம், தட்டில் நேராக வைக்காமல் கம்பிவலை மேல் பரப்பினால் அடியிலும் காற்று போகும். பட்டர் பேப்பர் பரவாயில்லை, மெழுகுக் காகிதத்தை மட்டும் ஓவனுக்குள் விடாதீர்கள்.

அடுக்களைப்பூனை (தக்கலை)
புதன், மாலை 5.30

டீச்சர், ரப்பர் தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. இன்று இரண்டாம் முயற்சி. அரைக் கிலோ கேரட். சீவுகட்டை தக்கலைச் சந்தையில் கிடைத்தது. உப்புப் பிசறி, துடைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் புரட்டி, கம்பிவலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுக்கினேன். அரைக் கிலோ கேரட்டுக்கு மூன்று தட்டு வந்தது. அதாவது மூன்று முறை ஓவன். 140 டிகிரி, நடுவில் ஒரு தடவை தட்டைத் திருப்பி வைத்தேன், ஏனென்றால் என் ஓவனில் பின்பக்கம் சூடு கூடுதல். கடைசியில் மரக்கரண்டி.

வந்தது! உண்மையிலேயே வந்தது. துண்டெல்லாம் சுருண்டு, ஓரம் நெளிந்து, செம்பருத்திப் பூ வாடினது போல இருந்தது பார்க்க. கடித்தால் சத்தம் கேட்டது. கேரட் அல்வாவின் வாசனை, மேலே நல்லமிளகு காரம்.

இப்போது சங்கடங்களுக்கு வருகிறேன். முதல் சங்கடம்: எல்லாம் முடிந்து நிறுத்துப் பார்த்தால் 65 கிராம். அரைக் கிலோ கேரட், மூன்று மணி நேரம், 65 கிராம்! மாமா இரண்டு கை அள்ளினார், டப்பாவில் ஒன்றும் மிச்சமில்லை. என் ஓவன் 1500 வாட். அது விட்டுவிட்டு எரிவதால் மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் மூன்று யூனிட். கரண்ட் பில்லில் கிடைக்கும் இலவச யூனிட்டை எல்லாம் கேரட்டுக்கே எழுதி வைக்க முடியுமா?

இரண்டாவது சங்கடம் இன்னும் பெரிது. வீட்டுக்காரர் வந்ததும் கொடுக்கலாம் என்று ஒரு பிடி தனியே எடுத்துத் தட்டில் வைத்திருந்தேன். ஒரு மணி நேரம்தான். போய்ப் பார்த்தால் துணி மாதிரி தொய்ந்து கிடக்கிறது. வெளியே லேசாகத் தூறல். இதற்கு என்ன செய்ய?

குளச்சல் காற்று
புதன், இரவு 8.15

எக்கா, நீங்க தக்கலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீங்க, நான் கடலுக்கு அரை கிலோமீட்டரில் இருக்கிறேன். எங்க வீட்டில் உப்பு ஜாடிக்குள்ளேயே உப்பு அழும். பப்படம் பொரித்துச் சோறு போடுவதற்குள் நமத்துவிடும். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு இரண்டு மழை. ஜூனில் ஒன்று தொடங்கும், அது போனதும் அக்டோபரில் மற்றது. மொறுமொறுப்புக்கு எதிரி காற்றிலேயே இருக்கிறான்.

எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். ஓவனை அணைத்ததும் சிப்ஸை வெளியே எடுக்காதீங்க. கதவை லேசாகத் திறந்துவிட்டு உள்ளேயே ஆறட்டும், அந்த மிச்சச் சூட்டில் இன்னும் கொஞ்சம் காயும். ஆறி முடிந்ததும் அந்த நிமிடமே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் டப்பாவுக்குள் வியர்க்கும், ஆறவிட்டு மறந்துபோனால் காற்று குடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம்தான் நமக்குக் கிடைக்கும். டப்பா என்றால் எவர்சில்வர் தூக்கு போதாது, ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி. பெரிய ஜாடி ஒன்றுக்குப் பதில் சின்ன ஜாடி நாலு, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் முழுவதும் கெடாது.

நமத்துப் போனதை எறிய வேண்டாம். 110 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்து எடுத்தால் திரும்ப வரும். இரண்டு தடவை வரை வரும், மூன்றாவது தடவை வைக்கோல் ருசி.

அப்புறம் மசாலா. மிளகாய்ப்பொடியைக் கடைசியில் தூவுங்க, முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும், வீடு முழுக்கத் தும்மல்.

ஓடிஜி இல்லாதவன் (ஆரல்வாய்மொழி, இப்போது சென்னை)
புதன், இரவு 11.20

ஏர் பிரையர் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே இடம் உண்டா? வெளிநாட்டு வீடியோக்களில் கேல் என்று ஒரு கீரையை மொறுமொறுவென்று செய்கிறார்கள். நமக்கு கேல் எங்கே? ஊருக்குப் போனபோது தோட்டத்தில் சேம்பு இலை யானைக் காது மாதிரி நின்றது. பறித்து, கிழித்து, எண்ணெய் தடவி ஏர் பிரையரில் போட்டேன். முதலில் அதன் காற்றாடி இலையைத் தூக்கி மேலே உள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டிப் புகையவிட்டது. மிச்சம் வந்ததை ஆசையாகத் தின்றேன். ஐந்தே நிமிடத்தில் தொண்டையில் ஆயிரம் எறும்பு. ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரும் மோருமாகக் குடித்தேன். அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "சேம்பு இலையைச் சும்மா தின்ன நீ என்ன பன்றியா?"

வேதியியல் டீச்சர் (மார்த்தாண்டம்)
வியாழன், காலை 6.10

தம்பி, உங்கள் கதையைக் கேட்டு மற்றவர்களாவது பிழைக்கட்டும். சேம்பில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, உலர்ந்த சூட்டில் அது அசையாது. சேனையிலும் அதே சங்கதிதான். நம் வீடுகளில் புளி விட்டு வேக வைப்பது சும்மா ருசிக்கு மட்டுமல்ல. இலை மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கறிவேப்பிலை இருக்கிறது. காய் வேகும் கடைசி ஐந்து நிமிடத்தில் மேலே தூவிவிடுங்கள், போதும்.

பூதப்பாண்டி
வியாழன், மாலை 4.45

ஆச்சி சொல்லச் சொல்லப் பேரன் டைப் செய்கிறேன். இந்த இழை முழுவதையும் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கேரட் 65 கிராம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அந்தப் பிள்ளையிடம் கேள், தண்ணிக்காயில் போய் ஏன் மல்லுக்கட்டுகிறாள்? சக்கையும் (பலாவும்) மரச்சீனியும் (மரவள்ளியும்) இருக்கிற ஊரில் கேரட்டில் என்ன இருக்கிறது? நாங்கள் மரச்சீனியைத் தொலி சீவி வட்டமாக அரிந்து, உப்பு போட்ட கொதி வெள்ளத்தில் ஒரு கொதி விட்டு, வடித்து, ஓலைப் பாயில் வெயிலில் காய வைப்போம். சித்திரை வெயிலில் இரண்டு நாளில் கலகலவென்று ஆகிவிடும். சக்கையும் அப்படித்தான், குழைந்த சுளை உள்ள கூழன் ஆகாது, கெட்டிச் சுளை உள்ள வரிக்கையைப் பழுக்கும் முன்னே அரிய வேண்டும். மழைக்காலம் முழுக்க அதுதான் நொறுக்குத்தீனி. வேண்டும்போது எண்ணெயில் போட்டுப் பொரிப்போம். அவளுக்கு எண்ணெய் வேண்டாம் என்றால் அரைக் காய்ச்சலில் எடுத்து அந்தப் பெட்டியில் வைக்கட்டும். பாதி வேலையைச் சூரியன் செய்துவிடும், கரண்டும் மிச்சம்."

இதற்கு மேல் ஆச்சி சொன்னது என்னைப் பற்றி, அதை எழுதவில்லை.

வடசேரிக்காரன்
வியாழன், இரவு 9.05

ஆச்சி காலில் விழுகிறேன். இந்த இழையில் முதல் தடவையாகப் புத்தியான பேச்சு. நான் முதலில் வேறு பேர் வையுங்க என்றேன் இல்லையா, அந்தப் பேரை ஆச்சி சொல்லிவிட்டாள்: வற்றல். ஓவனில் வருவது சிப்ஸின் தம்பி இல்லை, வற்றலின் தங்கச்சி. அப்படி நினைத்துச் செய்தால் சரியாக வரும் என்று எனக்கே இப்போது தோன்றுகிறது.

அப்படியென்றால் ஏத்தங்காயைப் பற்றி நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நன்றாக விளைந்த காய் வேண்டும். காயின் முனைகள் மழுங்கி உருண்டிருக்க வேண்டும், பட்டை பட்டையாகக் கூர்மையாக இருந்தால் பிஞ்சு. பிஞ்சில் மாவு ஏறியிருக்காது, சுருங்கிச் சுள்ளியாகப் போகும். மஞ்சள் தட்டினதும் ஆகாது, இனிப்பு ஏறிக் கருகும். குலையிலிருந்து வெட்டி இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும். எங்க அப்பா நகத்தால் தொலியைக் கீறிப் பார்ப்பார், உள்ளே வெள்ளை போய் இளம் மஞ்சள் ஓடியிருந்தால்தான் வாங்குவார். யாரோ ஒருத்தர் எனக்குத் தனிச் செய்தியில் மட்டி வாழையில் செய்யலாமா என்று கேட்டார். மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது சிப்ஸ் போடுவதற்கில்லை ஐயா, பழுக்க வைத்துச் சாப்பிடுங்க.

உரிக்கும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளணும், கறை ஒட்டாது. மஞ்சள் வெள்ளத்தில் பத்து நிமிடம், அதற்கு மேல் போட்டால் வெள்ளத்தைக் குடிக்கும்.

வேதியியல் டீச்சர் (மார்த்தாண்டம்)
வெள்ளி, காலை 6.40

ஆச்சி சொன்னதற்குக் கணக்கு சரியாக இருக்கிறது. ஏத்தங்காயில் தண்ணீர் நூற்றுக்கு 65 பக்கம், மரச்சீனியில் 60 பக்கம்தான். அரைக் கிலோ ஏத்தங்காய்ச் சதையில் 185 கிராமாவது கைக்கு வரும். கேரட்டைப் போல மூன்று மடங்கு.

ஆனால் மரச்சீனியில் ஒரு எச்சரிக்கை. அதில் சயனைடு உண்டாக்கும் ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது, கசப்பு ரகத்தில் கூடுதல். நம் வீடுகளில் மரச்சீனி வேக வைத்த வெள்ளத்தை ஊற்றிக் களைவதற்குக் காரணம் இதுதான். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பினார். அன்றைக்கு நம் பகுதியும் திருவிதாங்கூர்தானே. அரிசி இல்லாத காலத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிந்தது இதனால்தான். இத்தனை காலம் தின்று பழகிய ஜனம் கண்டுபிடித்த பக்குவம் அது. அதனால் பச்சையாகச் சீவி நேராக ஓவனில் வைக்காதீர்கள். ஆச்சி சொன்னபடி கொதிக்கவிட்டு, வெள்ளத்தை வடித்துவிட்டு, அப்புறம் செய்யுங்கள். கசப்பு தட்டினால் எறிந்துவிடுங்கள்.

இன்னொன்று நிறத்தைப் பற்றி. மாவுள்ள கிழங்கை 120 டிகிரிக்கு மேல் வறட்டினால் அக்ரிலமைடு என்று உடம்புக்கு ஆகாத ஒன்று உண்டாகிறது. உணவில் அது இருப்பதை 2002இல் சுவீடன் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஓவன் என்பதால் இதிலிருந்து தப்பிவிட முடியாது, பொரித்தாலும் சுட்டாலும் வரும். இளம் பொன் நிறத்தில் எடுத்துவிடுங்கள், பழுப்பு ஏறும் வரை வைக்காதீர்கள். உருளைக்கிழங்கைப் பிரிட்ஜில் வைத்திருந்தால் அதில் மாவு சர்க்கரையாக மாறியிருக்கும், சீக்கிரம் பழுப்பேறும், சிப்ஸுக்கு வெளியே வைத்த கிழங்குதான் நல்லது.

எண்ணெய் விஷயம்: செக்குத் தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகையத் தொடங்கும், அதற்குக் கீழேயே நில்லுங்கள். கடைச் சிப்ஸில் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். இரண்டு தேக்கரண்டியில் நீங்கள் முடிப்பது மாமாவுக்கு நல்லதுதான். ஆனாலும் மாவு அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் போய்ச் சுருங்கியதால் உப்பும் கூர்மையாகத் தெரியும். டப்பாவோடு கொடுத்துவிடாதீர்கள்.

அடுக்களைப்பூனை (தக்கலை)
ஞாயிறு, இரவு 7.50

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலை. முதலில் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

மரச்சீனியை ஆச்சி சொன்னபடி ஒரு கொதி விட்டு வடித்து, சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காய வைத்தேன். மதியம் அக்கா வீட்டுக்குப் போனவள் மறந்துவிட்டு ஆறு மணிக்குத்தான் வந்தேன். நல்ல வெயில் வேறு. எல்லாம் கலகலவென்று காய்ந்துவிட்டது. சரி பார்ப்போம் என்று அதையே எண்ணெய் தடவி ஓவனில் வைத்தேன். வந்தது சிப்ஸ் இல்லை, ஓட்டுச் சல்லி. வீட்டுக்காரர் கடித்துவிட்டுக் கடைவாயைத் தடவிக்கொண்டே அடுக்களைப் பக்கம் பார்த்தார். முழுக்கக் காய்ந்த வற்றலை எண்ணெய்தான் பொரியவைக்கும், ஓவனால் அது ஆகாது போலிருக்கிறது. அதில் பாதியை எடுத்து வைத்திருக்கிறேன், விருந்தாளி வந்தால் எண்ணெயில் பொரிக்கலாம்.

இன்று காலை திரும்பச் செய்தேன். ஒன்பது மணிக்குப் போட்டு, அரை மணிக்கு ஒரு தரம் மாடியேறிப் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு மேல்புறம் காய்ந்து, விரலில் ஒட்டாமல், ஆனால் மடக்கினால் ஒடியாமல் வளைந்தது. அந்தப் பதத்தில் எடுத்தேன். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி, துண்டு துண்டாகத் தடவி, 150 டிகிரியில் பதினாலு நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் கதவில் கரண்டி, மேலே கறிவேப்பிலை. அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிட்டேன். ஆறும்போது உள்ளே இருந்து டிக், டிக் என்று சின்னச் சத்தம் வந்தது. வடசேரி அண்ணே, ஓவனில் சத்தம் கேட்காது என்றீர்களே, காதை வைத்துக் கேட்டால் கேட்கிறது. ஒரு தட்டுக் கேரட்டுக்கு ஒரு மணி நேரம் எரிந்த ஓவன் இதற்குக் கால் மணியில் முடிந்தது.

ஏத்தங்காயை வெயிலில் வைக்கவில்லை. மஞ்சள் வெள்ளம், துடைப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய், 160இல் இருபது நிமிடம். நிறம் அசல் சிப்ஸ் மாதிரியே வந்தது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், ருசி அது இல்லை. அந்த எண்ணெய் வாசனை வாய்க்குள் பரவுமே, அது கிடையாது. கடித்தால் சத்தம் உண்டு, மென்றால் கொஞ்சம் வறட்சி. மரச்சீனிதான் ஜெயித்தது.

மாமா நாலு மணிக்குச் சாயாவோடு உட்கார்ந்தார். ஏத்தங்காயை இரண்டு எடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மரச்சீனியை எடுத்தார், இன்னொன்று எடுத்தார், அப்புறம் கிண்ணத்தையே மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்க அம்மா ஓலைப் பாயில் போடுவாளே அது மாதிரி இருக்கிறது. மழைக்கு முன்னாடி திருடித் தின்போம், பாதிதான் காய்ந்திருக்கும்" என்றார். சைக்கிள் டியூப் பற்றி இன்று பேச்சே இல்லை. டீச்சர் சொன்னது நினைவு வந்து கிண்ணத்தை நான்தான் வாங்கி வைத்தேன், முறைத்தார்.

குளச்சல் காற்று
ஞாயிறு, இரவு 8.20

எக்கா, சந்தோஷம். பாகற்காய் இப்படி வருமா? எங்க வீட்டுச் சுகர்காரருக்கு.

அடுக்களைப்பூனை (தக்கலை)
ஞாயிறு, இரவு 8.31

நாளைக்குச் செய்து பார்த்துச் சொல்கிறேன். முற்றாத காயாக நாலு வாங்கி, மெலிசாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறிப் பிழிந்து மாடியில் போட்டிருக்கிறேன். தண்ணிக்காய்தானே, இரண்டு நாள் வெயில் காட்டினால் ஓவனில் கொஞ்ச நேரம் போதும் என்று கணக்கு.

குலசேகரம் ரப்பர்
ஞாயிறு, இரவு 8.33

மாடியிலா? இப்பவா? இங்கே மலைப் பக்கம் முக்கால் மணி நேரமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. நான் சீட்டை எல்லாம் புரைக்குள் எடுத்தாச்சு. அது உங்க பக்கம்தான் வருகிறது அக்கா.

அடுக்களைப்பூனை (தக்கலை)
ஞாயிறு, இரவு 8.34

ஐயோ, இருங்கள்.